பத்தடியில் ஒட்டிய பிளாஸ்திரி

என்னிடம் மூன்று லென்ஸ்கள் இருந்தன. ஒன்று ஐம்பது, ஒன்று இருபத்தெட்டு, மூன்றாவது நூற்று முப்பத்தைந்து. படம் எடுக்காதவர்களுக்கு இந்த எண்கள் ஒன்றும் சொல்லாது. முதலாவது ஆள் தனியாக நிற்கும் படத்துக்கு, இரண்டாவது கூட்டத்துக்கு, மூன்றாவது தூரத்தில் இருப்பவரை அவருக்குத் தெரியாமல் பக்கத்தில் இழுத்துப் பார்ப்பதற்கு. கீரமங்கலம் கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பள்ளிக்கூட குரூப் போட்டோ, வெளிநாடு போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் என்று வந்த வேலை எல்லாவற்றையும் இந்த மூன்றை வைத்துத்தான் ஓட்டினேன்.

இந்த லென்ஸ்களில் எதுவும் தானாக நடக்காது. கேமராவுக்குள் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அதற்குள் எதிரே நிற்பவரின் முகம், மூக்குக்கு நேரே இரண்டாக வெட்டி நகர்த்தி வைத்தது மாதிரி இருக்கும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பாதியும் நெருங்கி வரும். அவை சேர்ந்த நொடியில் அழுத்த வேண்டும். தாலி கட்டுகிற மாப்பிள்ளை நமக்காகக் காத்துக்கொண்டிருக்க மாட்டார், மூன்று முடிச்சுக்குள் வேலை முடிந்தாக வேண்டும். எனக்கு முடிந்துகொண்டுதான் இருந்தது. கண் பார்ப்பதற்கு முன்னாலேயே விரல் வளையத்தைத் திருப்பியிருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே.

என் கேமராவை வேறு யாராலும் பிடிக்க முடியாது என்பதால் எங்கள் வீட்டு விசேஷப் படம் எதிலும் நான் இல்லை. என் கல்யாண ஆல்பம் ஒன்றில் மட்டும் இருக்கிறேன். அதை எடுத்தவர் எங்கெங்கே சொதப்பினார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்கு என் மனைவி ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் இப்போது கேட்பதில்லை.

என் தங்கையைக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்கு முந்திரித் தோப்பும் கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. அவளுடைய மூத்த மகளுக்கு அவர்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் என்றால் நான்தான். ஆனால் போட்டோக்காரனும் நான்தான். மடியில் வைத்துக்கொள்ள யாராவது போதும், படம் எடுக்க நான்தான் வேண்டும் என்று சொல்லி, என் சித்தப்பா மகனை மணையில் உட்கார வைத்துவிட்டு நான் எதிரே கேமராவோடு நின்றேன். அவனும் தங்கைக்கு அண்ணன் தம்பி முறைதான், முறையில் குற்றமில்லை. தங்கை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. படங்கள் பிரமாதமாக வந்திருந்தன.

அந்தப் பிரமாதம்தான் வினையாகப் போயிற்று. மூத்தவள் அந்த ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டியே வளர்ந்தாள். சித்தப்பா மகனுக்கு 'மடிமாமா' என்று பேர் வைத்தாள். எனக்குப் 'போட்டோ மாமா'. தங்கையின் புகுந்த வீட்டில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒங்கண்ணன் கேமராவுக்குத்தானம்மா தாய்மாமன்" என்று அவள் மாமியார் ஒரு தீபாவளிக்கு என் எதிரிலேயே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை என்பதை என் மனைவி பஸ்ஸில் வரும்போது சொன்னாள்.

டிஜிட்டல் வந்தது அந்த வருடங்களில்தான். முதலில் எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. பிறகு ஒரு நாள் ஆலங்குடி பக்கம் ஒரு கல்யாணத்தில் நான் அழுத்திய உடனே நாலைந்து பிள்ளைகள் ஓடிவந்து என் கேமராவின் முதுகைப் பார்த்தார்கள். அங்கே வெறும் கறுப்பு மூடிதான் இருந்தது. "படத்தக் காட்டுங்க" என்றது ஒன்று. இதில் தெரியாது, பிலிமைக் கழுவினால்தான் தெரியும் என்றேன். அது என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை. புதுக்கோட்டை லேபில் ரோல் கொடுத்தால் முன்பெல்லாம் மறுநாள் கிடைக்கும். இப்போது நாலு பேர் ரோல் சேர்ந்தால்தான் கழுவுவோம், அப்புறம் வாங்க என்றார்கள். வளைகுடாவில் மகன் இருக்கிற வீடுகளில் ஆல்பத்தோடு ஒரு சிடியும் கேட்டார்கள்.

மாறிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கள் சிக்கல் லென்ஸில் இருந்தது. எங்கள் கேமரா கம்பெனிக்காரன் பல வருடங்களுக்கு முன்பே லென்ஸ் மாட்டுகிற வாயை மாற்றிவிட்டான். அவனுடைய டிஜிட்டல் கேமரா எதிலும் எங்கள் லென்ஸ் ஏறாது. பூட்டை மாற்றிவிட்ட வீட்டின் பழைய சாவியோடு நாங்கள் நின்றோம். மாறினால் முழுசாக மாற வேண்டும். லென்ஸ் மூன்றையும் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டும்.

'நாங்கள்' என்று சொல்வது என்னையும் மீமிசலில் இருந்த ஒரு போட்டோக்காரரையும்தான். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அதே வாய் கொண்ட லென்ஸ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் ஒரு இருநூறு இருந்தது, என்னிடம் இருபத்தெட்டு. பெரிய குடும்பம் ஒன்றை ஒரே படத்தில் அடக்க வேண்டுமென்றால் அவர் என் இருபத்தெட்டைக் கேட்டுப் போன் போடுவார். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் பாதி வழியில் சந்தித்து மாற்றிக்கொள்வோம். ஒரு டீ, கொஞ்சம் ஊர்ப் பேச்சு, அவர் கடைசியாக எடுத்த கல்யாணத்தைப் பற்றி நான் நாலு குறை சொல்வது. அவ்வளவுதான் எங்கள் சிநேகம், ஆனால் எனக்கு வேறு சிநேகிதர் என்று யாருமில்லை.

கடற்கரையில் இருந்ததால் அவர் லென்ஸ்களுக்கு உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. அரிசி டப்பாவில் போட்டு வைத்துப் பார்த்தார், வெயிலில் காட்டிப் பார்த்தார். சிலந்தி வலை மாதிரி கண்ணாடிக்குள் படர்ந்துகொண்டே போனது. ஒரு நாள் அறந்தாங்கிக்குக் கழுத்தில் டிஜிட்டலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

"மாறிட்டீங்களாக்கும்" என்றேன்.

"வேற வழி."

"அந்த வளையத்த நடுவுல போட்டு நம்ம லென்ஸ மாட்டலாமுன்னு சொன்னாங்களே."

"அடாப்டரா. அதையும் வாங்கிப் பாத்துட்டேன். கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டா தூரத்துல உள்ளது தெளிய மாட்டேங்குது. கண்ணாடி வச்ச அடாப்டர் போட்டா எல்லாமே மங்கலா வருது. ஒங்க லென்ஸு நல்ல லென்ஸுதான், யாரு இல்லேன்னா. அத மாட்டுறதுக்கு ஒரு கேமரா வேணுமுல்ல."

அவர் எடுத்த படங்களைக் கேமராவின் முதுகிலேயே காட்டினார். பொண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கிறதே என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே டீக்குக் காசு கொடுத்தார். எனக்குத்தான் கோபம் வந்தது. ஒரு படகில் இரண்டு பேர் இருந்து ஒருவர் இறங்கிப் போய்விட்டது மாதிரி இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் தங்கை வந்தாள். சின்னவளுக்குக் காது குத்தப் போகிறார்கள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டை மேஜையில் வைத்துவிட்டு அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, இந்தத் தடவ நீதான் மடியில வச்சுக்கிடணும்."

"வச்சுக்கிடுறேன். போட்டோ யாரு எடுக்குறது?"

"யாராச்சும் எடுக்கட்டும். எடுக்காமயும் போகட்டும்."

"எடுக்காம எப்படி?"

"பெரியவ ஆல்பத்தத் தெறந்தா இன்னொருத்தன் மடியில ஒக்காந்திருக்கா. எனக்குக் கூடப் பொறந்த அண்ணன் இருக்கானா இல்லையான்னே அந்தப் படத்தப் பாத்தா தெரியல. நாலு பேரு கேக்குறாங்க. நீ வந்து ஒக்கார்றதா இருந்தா தேதி வைக்கிறோம். இல்லேன்னா சின்னவளுக்குக் காது குத்துறதப் பத்தி அப்பறம் பாப்போம்."

அவள் சின்ன வயதிலிருந்தே அதிகம் கேட்கிறவள் இல்லை. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சரி என்றேன்.

மீமிசல்காரர் விஷயம் கேள்விப்பட்டுத் தானே வருவதாகப் போன் செய்தார். டிஜிட்டலை வைத்துக்கொண்டு என் வீட்டு விசேஷத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைவிட மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். உள்ளூரில் வேறு யாரையாவது கூலிக்குக் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். யோசித்து யோசித்துக் கடைசியில் என் மனைவியிடம் கேமராவைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அவளுக்கு அந்த வட்டத்துக்குள் முகத்தைச் சேர்க்கத் தெரியாது. சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த லட்சணத்தில் அவள் கேமராவை மேஜையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். ஐம்பது லென்ஸின் வளையத்தைப் பத்தடிக்குத் திருப்பி வைத்து, அது நகராதபடி மருந்துக்கடைப் பிளாஸ்திரியால் சுற்றி ஒட்டினேன். வெளிச்சத்துக்கான வளையத்தையும் அப்படியே ஒட்டினேன். இனி அவள் செய்ய வேண்டியதெல்லாம் பத்தடி தூரத்தில் நின்று அழுத்துவது, படத்துக்குப் படம் பிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளுவது. எங்கே நிற்பது என்பதற்கு ஒரு செங்கல் வைத்துவிடுவேன்.

"செங்கல்லுல நின்னு அமுக்கு. என்ன நடந்தாலும் செங்கல்ல விட்டு எறங்காத."

"மழ பேஞ்சா?"

"எறங்காத."

குலதெய்வக் கோயில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. விடிந்ததும் நான் போய்விட்டேன். மணையை எங்கே போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிழக்கே பார்த்துப் போட்டால் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், குழந்தை கண்ணை இடுக்கிக்கொள்ளும். வடக்கே பார்த்துப் போட்டால் ஒரு கன்னத்தில் வெயில், ஒரு கன்னத்தில் நிழல், முகம் நன்றாக எழும்பும். அப்படியே போட்டேன். மணையிலிருந்து பத்தடியை டேப் பிடித்து அளந்து செங்கல்லை வைத்தேன். அதில் ஏறி நின்று பார்த்தேன். பின்னால் நல்ல பச்சை. திருப்தியாக இருந்தது.

மொட்டை போட்டுக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசிக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். புது வேட்டி, துண்டு, கழுத்தில் மாலையோடு நான் மணையில் உட்கார்ந்தேன். சின்னவளை என் மடியில் வைத்தாள் தங்கை. காது குத்துகிற ஆசாரி தன் பெட்டியைத் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, வடக்க பாத்து ஒக்காந்திருக்கீங்க. கெழக்க பாத்துத் திரும்புங்க."

நான் நூற்றுக்கணக்கில் காதுகுத்து எடுத்தவன். எல்லாவற்றிலும் அவர்கள் கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நான் போய்விடுவேன், அது கிழக்கா வடக்கா என்று எனக்கு என்ன கவலை. எங்கள் குடும்பத்திலேயே அத்தனை காதுகுத்தை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான், அந்தச் சின்ன விஷயம் தெரியாமல் மணை போட்டவனும் நான்தான். யாரோ மணையோடு என்னைத் திருப்பினார்கள். செங்கல்லும் அதன்மேல் நின்ற என் மனைவியும் என் இடது தோளுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள்.

அவள் செங்கல்லில் நின்றபடியே, "இங்கிட்டு இருந்தா மொகம் தெரியலங்க" என்றாள்.

"எறங்கி முன்னாடி வா."

"எறங்காதன்னு சொன்னீங்க."

"எறங்குடி."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் எதிரே வந்தாள். பத்தடி இல்லை, ஏழுதான் இருக்கும். பின்னால் போ என்றேன். பின்னால் சம்பந்தி வீட்டுப் பெண்கள் நெருக்கி நின்றார்கள், அவர்களையும் தள்ளிப் போகச் சொன்னேன். இன்னும் ஓரடி என்றேன். அதிகமாகிவிட்டது, முன்னால் வா என்றேன். கையை நீட்டி அளவு காட்டினேன். உன் நிழல் குழந்தைமேல் விழுகிறது, கொஞ்சம் ஒதுங்கு என்றேன். நெம்புகோலைத் தள்ளினாயா என்றேன். இவ்வளவுக்கும் நடுவில் என் மடியில் சின்னவள் வீரிட்டாள், ஆசாரி "ஆச்சு, ஆச்சு" என்றார், யாரோ குலவை போட்டார்கள். ஆசாரி ஒரு காதை முடித்து மறு காதுக்குப் போன நேரம் எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது இரண்டு காதிலும் கம்பி இருந்தது.

லேபில் ரோல் கழுவி வர வழக்கத்தைவிட அதிக நாள் ஆயிற்று. பிரிண்டுகளைப் புதுக்கோட்டையிலேயே கவரைப் பிரித்துப் பார்த்தேன். பாதி மங்கல், அது எதிர்பார்த்ததுதான். மீதி நன்றாக இருந்தன. நான்கைந்து படங்கள் கத்தி மாதிரி தெளிவு. குழந்தையின் மொட்டையில் சந்தனம் வெடித்திருப்பதுகூடத் தெரிந்தது. பத்தடி சரியாக விழுந்திருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மனைவியைக்கூட அன்றைக்குப் பாராட்டினேன், அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நல்ல படங்களைப் பெரிதாகப் போட்டு ஆல்பம் செய்து நானே கந்தர்வக்கோட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ஆல்பத்தைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இது அந்த லென்ஸில் எவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது பார், இதை எந்த டிஜிட்டலும் தராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காது குத்துகிற படத்தில் நிறுத்தினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "மடியில புள்ள இருக்கு. நீ எங்கண்ணே இருக்கே?"

"நான்தானே நடுவுல இருக்கேன்."

அவள் ஆல்பத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். அவள் உள்ளே போன பிறகுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் நான் பார்த்ததெல்லாம் தெளிவு, வெளிச்சம், சந்தனத்தின் வெடிப்பு. படத்தில் குழந்தை வாயைத் திறந்து அழுதபடி என் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆசாரியின் கை அதன் காதில் இருக்கிறது. தங்கை குனிந்து குழந்தையின் காலைப் பிடித்திருக்கிறாள். நான் லென்ஸைப் பார்த்துக் கையை நீட்டி எதையோ கத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்த படத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். ஒரு படத்தில்கூட நான் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வருத்தமாக இருந்தது. காபியைக் குடித்துவிட்டு வேறு எதையோ பேசிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் மீமிசலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லாததால், கோயிலில் வடக்கே பார்த்து மணை போட்ட கதையைச் சொன்னேன். மீமிசல்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு, ஏன் வந்தீர்கள் என்று கேட்காமலேயே டிஜிட்டலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கூட்டிப் போனார். மீன் இறங்குகிற இடத்தில் கூடையோடு நின்ற ஒரு அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, இத இப்படிப் புடிச்சுக்கிட்டு, இந்தப் பொத்தான அமுக்குங்க. நாங்க ரெண்டு பேரும் நிக்கிறோம்."

அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி அழுத்தினார். கேமராவின் முதுகில் படம் வந்தது. எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்து அதுவரை யாரும் படம் எடுத்ததில்லை, எடுக்க எங்களைத் தவிர ஆளில்லை. கொஞ்சம் சாய்ந்திருந்தது, தலைக்கு மேலே தேவையில்லாமல் வானம். ஆனால் இரண்டு முகமும் தெளிவாக இருந்தன.

"ஏன் ரெண்டு பேரும் இப்படி மொறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். டிஜிட்டலின் நிறம் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், பிடிக்கப் பல வருடம் ஆயிற்று. யார் கையில் கொடுத்தாலும் அது படம் எடுக்கும், அது எனக்குப் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இனிமேல் விசேஷம் என்றால் உன்னிடம் கொடுத்துவிட்டு நான் போய் உட்கார்ந்துவிடுவேன், பிளாஸ்திரியும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம் என்றேன்.

"வாங்குங்க" என்றாள் அவள். "வாங்கிட்டு, அதையும் யாருகிட்டயும் குடுக்க மாட்டீங்க."

நான் அவளிடம் சண்டை போட்டேன். ஆனால் அவள் சொன்னதுதான் நடந்தது. பணத்தைப் புரட்டிக் கேமராவும் ஒரு லென்ஸும் வாங்கினேன். பழைய மூன்றையும் துடைத்து அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு வந்த வீட்டு விசேஷங்களில், ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் மனைவி கையில் கேமரா இருக்கும். அவள் பிடித்திருக்கும் கோணத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்காது. போய் வாங்கிவிடுவேன். லென்ஸ் மாறிற்று, கேமரா மாறிற்று, படத்தில் நான் இல்லாதது மட்டும் மாறவில்லை. எல்லார் கையிலும் நல்ல கேமரா போன் வந்த பிறகும், "அண்ணே எடுத்தாத்தான் நல்லாருக்கும்" என்று யாராவது என்னைக் குளிர்விப்பார்கள். நானும் குளிர்ந்துபோவேன்.

இப்படியே இருக்கும்போது தங்கையின் மூத்தவள் பெரியவளானாள். சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுபோய், பட்டும் மாலையும் கொடுத்து, மாலையை அவள் கழுத்தில் போட வேண்டும். இம்முறை தங்கை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறுத்தியது. நானே மீமிசல்காரருக்குப் போன் போட்டு, நீங்கள்தான் வந்து எடுக்க வேண்டும் என்றேன். "ஒங்க வீட்டு விசேஷத்துக்கா?" என்றார் அவர்.

மண்டபத்துக்குச் சீர்த்தட்டுகளோடு போனோம். தட்டை இறக்கி வைத்ததும் நான் நேராக மீமிசல்காரரின் பின்னால் போய் நின்றேன். பின்னால் கட்டியிருக்கும் துணி படத்தில் கறுப்பாக விழும் என்றேன். விளக்கை இடதுபக்கம் தள்ளுங்கள் என்றேன். அவர், சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டே தான் நினைத்ததைச் செய்துகொண்டிருந்தார். மேடையிலிருந்து தங்கை இறங்கி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். ரோட்டைக் கடக்கும்போது பிள்ளைகளைப் பிடிப்பார்களே, அப்படி. அத்தனை பேர் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு மேடைக்குப் போய், கையில் மாலையைக் கொடுத்தாள்.

கையில் கேமரா இல்லாமல் அந்தப் பெண்ணின் எதிரே அவ்வளவு பக்கத்தில் நான் நின்றதே இல்லை. பட்டுப்புடவையில் தடுமாறிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். மாலையைப் போட்டேன். மாலையின் நார் ஒன்று அவள் இடது காது ஜிமிக்கியில் மாட்டிக்கொண்டது. "மாமா, வலிக்குது" என்றாள் மெதுவாக. பொறு பொறு என்று சொல்லி, ஜிமிக்கியைக் கழற்றி நாரை எடுத்தேன். திரும்ப மாட்டுவதற்குத் துளையைத் தேடினால், இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. வலது காதில் துளை நடுவில் சரியாக இருந்தது. இடது காதில் கீழே இறங்கி, ஓரத்துக்குப் போய், கொஞ்சம் இழுபட்டு இருந்தது. பிறந்த நாளிலிருந்து இவளை எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன். அந்த நூற்று முப்பத்தைந்தில் இவள் முகத்தை இழுத்து இழுத்து எடுத்திருக்கிறேன். காதில் எப்போதும் ஏதாவது தொங்கும், அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் குங்குமத் தட்டோடு நின்ற தங்கையிடம், இது எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

"காது குத்துன அன்னிக்கே" என்றாள் அவள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்தான். "ஊசி எறங்குறப்ப திமிறிட்டா, மடியில வச்சிருந்த தம்பிக்குப் புடிக்கத் தெரியல. ரத்தமா வந்துச்சு. நீ எதுத்தாப்லதானே நின்னே."